எங்கள் பக்கத்துச் சாசனம்

என் கட்டிலுக்கு மேலே சுவரில் அமெரிக்கா மாட்டியிருந்தது. மாநிலத்துக்கு ஒரு நிறமாகப் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை மாதிரி இருக்கும். அது சின்னண்ணன் புத்தகம் வைத்திருந்த அறை. அவர் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தினார். எனக்காக அறையைக் காலி செய்தபோது புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கூடத்துக்குக் கொண்டுபோய் அடுக்கினார். படத்தை மட்டும் கழற்றவில்லை. "இது இங்கனயே கெடக்கட்டும் தங்கச்சி. கழத்துனா சுண்ணாம்பு பேந்துரும்" என்றார். காரணம் அதில்லை. சொல்வதைக் கேட்க வீட்டிலேயே ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் அவருக்கு.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சின்னண்ணன் இறந்து வருடம் திரும்பப் போகிறது. அதற்குள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும் என்று அவர் மகள் என்னிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குப் பேச வராது. எழுதுவதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தல்லாகுளத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அப்பா கட்டியது. கடைசிக் காலத்தில் அதை இரண்டாகப் பிரித்து எழுதி வைத்தார். முன்பக்கம் பெரியண்ணனுக்கு, பின்பக்கம் சின்னண்ணனுக்கு. நடுவில் முற்றமும் தண்ணீர்த் தொட்டியும் பொது. முற்றத்தின் குறுக்கே தண்ணீர் ஓடுகிற சின்ன வாய்க்கால்தான் இரண்டு பக்கத்துக்கும் எல்லை. எனக்கு வீட்டில் பங்கு எழுதவில்லை. நகை போட்டுக் கட்டிக்கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்திருப்பார். ஆனால் எனக்காகவும் ஒரு வரி எழுதினார். அண்ணன்மார் இருவரும் வருடா வருடம் எனக்குப் பொங்கல் படி குறைவில்லாமல் கொடுக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகிற வரிசைதான் படி. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, புதுப்பானை, ஒரு சேலை.

நான் புருஷன் வீட்டை விட்டு வந்தது ஆடி மாதத்தில். அங்கே நடந்ததை எழுதப் போவதில்லை. விடிந்த நேரம் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, ஒரு பையோடு முற்றத்தில் வந்து நின்றேன். பெரியண்ணன் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே சந்தில் இருக்கிறவர்களிடம், "தங்கச்சி ஆடிக்கு வந்துருக்கு" என்று சொல்லிவிட்டார். ஆடிக்கு அழைத்து வருவது புதுப்பெண்ணைத்தான். எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் சந்தில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆடி முடிந்தது. ஆவணி பிறந்தது. அதற்குமேல் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

பெரியண்ணனுக்கு இரும்புக் கடை. கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருநாள் கடைக்குப் போகாமல் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தம்பியைக் கூப்பிட்டார். நான் தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அப்பா என்ன எழுதியிருக்காரு? படி குடுக்கணும்னு எழுதியிருக்காரு. குடுப்போம். வீட்டுல வச்சுக்கிரணும்னு எழுதலையே."

"வச்சுக்கிரக் கூடாதுன்னும் எழுதலையேண்ணே."

"ஏண்டா, நீ வாத்தியாரா வக்கீலா?"

"அப்பா எழுதுனது பொதுச் சாசனம். அதுல இருக்கிறதக் கொறைக்க உனக்கும் உரிமையில்ல, எனக்கும் உரிமையில்ல. ஆனா கூட்டிக் குடுக்க எனக்கு உரிமை இருக்கு. என் பக்கத்துல, என் பொறுப்புல."

"ஆரம்பிச்சுட்டான்யா அமெரிக்காவ."

"அங்க அப்பிடித்தாண்ணே நடக்குது."

"அங்க நடக்கும்டா. இது தல்லாகுளம். எம் பிள்ளைகளப் பாக்க வர்றவன், ஒங்க வீட்டுல வாழாவெட்டி இருக்காமேன்னு கேட்டா, ஒன் அமெரிக்கா வந்து பதில் சொல்லுமா?"

அந்த வார்த்தையைச் சொன்னதும் பெரியண்ணனே தலையைக் குனிந்துகொண்டார். சின்னண்ணன் எழுந்து வாய்க்காலைத் தாண்டித் தன் பக்கம் போய் நின்றார். "தாயி, இங்கிட்டு வா" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு தாண்டினேன். சின்னண்ணன் பெண்சாதியை நான் மதினி என்பேன். மதினி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

பெரியண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த பொங்கலுக்கு அவர் செய்ததைச் சந்து முழுவதும் பார்த்தது. படி வெளியிலிருந்துதான் வர வேண்டும், முற்றத்தைத் தாண்டிக் கொடுத்தால் அது படியில்லை என்பது அவர் நியாயம். முன்வாசல் வழியாகத் தெருவுக்கு இறங்கி, சந்தைச் சுற்றி, கரும்பைத் தோளில் சாத்திக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தார். பின்னால் அவர் பெண்கள் பானையும் தட்டும் தூக்கி வந்தார்கள். மதினி அசலூரிலிருந்து வந்தவருக்குக் கொடுப்பதுபோலச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். சின்னண்ணன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "பாத்தியா தங்கச்சி, பொதுச் சாசனம் நடந்து வருது" என்றார். "சிரிடா, சிரி. நீ படி குடுத்துட்டியா? அதச் சொல்லு மொதல்ல" என்றார் பெரியண்ணன். சின்னண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் கொடுக்க வேண்டுமே. அவசரமாகத் தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வெளியே போய் நின்று கதவைத் தட்டினார். அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் முதல் தடவை சிரித்தேன்.

பிழைப்புக்குப் பூக்கட்டினேன். விடியற்காலை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கி வந்து, கட்டி, ஆபீஸ்களுக்கும் வீடுகளுக்கும் கொடுப்பேன். சாயங்காலம் மறுநாளைக்கு நார் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்னண்ணன் கல்லூரி விட்டு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, பேப்பர் திருத்தும் சாக்கில் என் அறை வாசலில் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் சிவப்புப் பேனாவை மூடிவிட்டுச் சுவரைக் காட்டுவார்.

எல்லாரும் அமெரிக்கா என்றால் வாஷிங்டனைத்தான் பார்க்கிறார்களாம். அது தப்பாம். நம் நாட்டில் எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து ஒரே அரசியல் சாசனம். அங்கே நாட்டுக்கு ஒன்று, அதற்குக் கீழே ஐம்பது மாநிலத்துக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. சனங்களின் அன்றாடப் பாடு அதிகமும் இந்தக் கீழே இருக்கிற சாசனங்களில்தான் இருக்கிறதாம். நாட்டுச் சாசனத்தில் பள்ளிக்கூடம் என்ற வார்த்தையே கிடையாதாம். பிள்ளைகளைப் படிக்க வைப்பது அரசாங்கத்தின் கடமை என்று எழுதியிருப்பது மாநிலங்களின் சாசனத்தில்தானாம். அதைக் கேட்டபோது மட்டும் எனக்கு நார் கிழிக்கிற கை நின்றது. சில மாநிலங்களில் மீன் பிடிக்கிற உரிமையைக்கூட எழுதி வைத்திருக்கிறார்களாம். "மீன் பிடிக்கவாண்ணே சாசனம்?" என்றேன். "ஒனக்குச் சிரிப்பு. மீனத் தின்னு பிழைக்கிறவனுக்கு அதுதான தாயி உரிமை" என்றார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. நாட்டுச் சாசனம் தரை மாதிரி. எந்த மாநிலமும் அதற்குக் கீழே பள்ளம் தோண்ட முடியாது. மேலே எத்தனை மாடியும் கட்டிக்கொள்ளலாம். மாநிலச் சாசனத்துக்கு அர்த்தம் சொல்வதில் அந்த மாநிலத்துப் பெரிய கோர்ட்டு சொன்னதே முடிவு. அது தரையை உடைக்காதவரை வாஷிங்டன் கோர்ட்டு வந்து கைவைக்காது. பரீட்சையில் இதிலிருந்து கேள்வியே வராதாம். ஆனாலும் விடாமல் நடத்துவாராம். பிள்ளைகள் அவருக்கு 'அம்பது' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கடைவீதியில் யாராவது ஒளிந்து நின்று "அம்பது!" என்று கத்தினால் திரும்பிப் பார்த்துக் கும்பிடு போடுவார்.

ஒரு சாயங்காலம் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். ஏதோ ஒரு மாநிலத்தில் கோர்ட்டு, சாசனத்தைக் காட்டிச் சில பேருக்கு ஒரு உரிமையைக் கொடுத்ததாம். அடுத்த தேர்தலில் சனங்கள் ஓட்டுப் போட்டு, சாசனத்தையே திருத்தி, அதை எடுத்துவிட்டார்களாம். "அங்க மாநிலச் சாசனத்தத் திருத்துறது லேசு. அதுல நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. கூட்டிக் குடுக்கிற அதே கைதான் தாயி எடுக்கவும் செய்யும்" என்றார்.

எனக்கு அது யாரோ எங்கேயோ இருக்கிறவர்களின் கதையாகப் படவில்லை. அடுப்படியில் மதினி தாளிக்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் மதினி எனக்குச் சோற்றில் குறை வைத்ததில்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவந்து வைப்பார். ஆனால் உட்கார்ந்து பேச மாட்டார். நான் இங்கே இருப்பதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. பேசாதவள் மனதில் என்ன இருக்கும் என்று இன்னொரு பேசாதவளுக்குத்தான் பயமாக இருக்கும்.

சின்னண்ணன் போனது நெஞ்சுவலியில். கல்லூரிக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவில் என் தோளில்தான் சாய்ந்திருந்தார். வேறு எழுதத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு பெரியண்ணன் என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். அழுது அழுது அவர் குரல் கட்டியிருந்தது. "தம்பி குடுத்த வாக்கு தம்பியோட தாயி. இனி அந்தப் பக்கம் அவன் பொண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் சொந்தம். பையனுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் காச்சின்னா அந்த ரூமு வேணும். அவுகளாச் சொல்லி நீ போறது ஒனக்கும் மரியாதையில்ல. கீழக்குயில்குடியில நமக்குத் தெரிஞ்ச வீட்டுல ஒரு ரூமு கெடக்கு. நான் பேசி வச்சிருக்கேன். தெனமும் வந்து பாத்துக்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சரிண்ணே என்றேன். அறைக்குப் போய்ச் சேலைகளை மடித்துப் பையில் வைத்தேன். சொல்லிக்கொள்ள அடுப்படிக்குப் போனேன். மதினி அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"பையத் தூக்கிட்டு எங்க?"

"கீழக்குயில்குடிக்கு மதினி. பெரியண்ணே ரூமு பாத்துருக்காக."

"யாரக் கேட்டுப் போற?"

நான் பையை மறுகைக்கு மாற்றினேன்.

"இந்த வீட்டுல யாரும் யாரையும் கேக்குறதில்ல" என்றார் மதினி. களைந்த தண்ணீரைக் கொட்டாமல் சட்டியைக் கீழே வைத்தார். "ஒங்கண்ணனும் அப்பிடித்தான். சாசனம், சனங்கன்னு அம்புட்டுப் பேசுனாரே. அன்னைக்கு முத்தத்துல நின்னு எம் பக்கம், எம் பொறுப்புன்னு சொன்னாரே, அது எம் பக்கமும்தான? என்னய ஒரு வார்த்த கேட்டாரா? எல்லாத்தையும் முடிச்சிட்டு, புத்தகத்த எங்க வைக்கன்னு கேட்டாரு."

அத்தனை வருடத்துக் கோபமும் என் மேல் என்றுதான் நினைத்திருந்தேன். அது அவர் புருஷன் மேல் இருந்த கோபம் என்று அப்போதுதான் விளங்கியது.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீக மதினி?" என்றேன். இந்த வீட்டில் நான் வாய் திறந்து கேட்ட பெரிய கேள்வி அதுதான்.

"கேட்டிருந்தாத்தான தெரியும்?" மதினி முந்தானையில் கையைத் துடைத்தார். கூடத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ரெண்டு பேரும் இங்க வாங்க."

பையன் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் மகளும் வந்தாள்.

"அத்த இங்கயே இருக்கணும்னு நெனைக்கிறவுக கையத் தூக்குங்க. பெரியப்பாவுக்காகவும் வேணாம், செத்துப்போன அப்பாவுக்காகவும் வேணாம். ஒங்க மனசுல என்ன இருக்கோ அது."

"என்னம்மா இது, கிளாஸா?"

"எலேய், சொல்றதக் கேளு."

முதலில் மதினி கையைத் தூக்கினார். ஈரக்கை. அரிசித் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. மகள் தூக்கினாள். பையன் என்னைப் பார்த்தான். "கல்யாணமானா நான் மாடியில தகரம் போட்டுக்கிறேன். அம்புட்டுத்தான்" என்று சொல்லித் தூக்கினான்.

மதினி என் பக்கம் திரும்பினார். "நீ?"

"எனக்கு ஏது மதினி ஓட்டு?"

"இங்கதான இருக்க? இங்க இருக்கிறவுகளுக்கெல்லாம் ஓட்டு இருக்கு. ஒங்கண்ணே செஞ்ச தப்ப நான் செய்ய மாட்டேன். இருக்கணும்னா தூக்கு. போகணும்னா போ. ஆனா நீயாச் சொல்லு."

புருஷன் வீட்டுக்குப் போனபோது என்னை யாரும் கேட்கவில்லை. அங்கிருந்து வந்தபோது நானும் யாரையும் கேட்கவில்லை. இரு என்று சின்னண்ணன் சொன்னார், இருந்தேன். போ என்று பெரியண்ணன் சொன்னார், கிளம்பினேன். நீ என்ன சொல்கிறாய் என்று ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டது அன்றைக்குத்தான். பையைக் கீழே வைத்தேன். கையைத் தூக்கினேன்.

"நாலு" என்றாள் மகள்.

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். "பெரியத்தான், எங்க பக்கம் ஓட்டுப் போட்டாச்சு. கீழக்குயில்குடி ரூம வேண்டாம்னு சொல்லிருங்க" என்று அவர் சொல்வது அடுப்படிக்குக் கேட்டது. பெரியண்ணன் என்ன பதில் சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. நான் கையைத் தூக்கியபடியே நின்றிருக்கிறேன். மகள்தான் பக்கத்தில் வந்து, "போதும் அத்த, எண்ணியாச்சு" என்று பிடித்து இறக்கிவிட்டாள்.