சாப்ட்னர் போட்ட பனியனும் ஒற்றைக்கால் பிரமிடும்

என் மகள் கல்லூரியின் சியர்லீடிங் அணியில் இருக்கிறாள். தோழிகள் கீழே நின்று தூக்க, மனிதப் பிரமிடின் உச்சியில் ஒற்றைக்காலில் நிற்பவள் அவள்தான். அணிக்குச் சீருடைப் பனியன் தைத்துத் தரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருப்பவனின் மகள், கடையில் வாங்கியதைப் போட்டுக்கொண்டு மேடையேறுவதா? ஏற்றுமதிச் சரக்குக்குப் போடுவதைவிடக் கூடுதலாகச் சாப்ட்னர் போட்டுத் துணியை அலசச் சொன்னேன். அத்தனை மிருது.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு, புதுப் பனியன் போட்டு நடந்த பயிற்சியைப் பார்க்கப் போனேன். மகளின் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்த பெண்ணுக்குக் கை வழுக்கியது. சரிந்தவளைக் கீழே நின்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் தண்ணீர் தெளித்தார்கள்.

மறுபடியும் வழுக்கியது. "ஒத்தக்கால் வேண்டாம் கண்ணு, ரெண்டு காலும் ஊனியே நில்லு" என்று பயிற்சியாளர் முடித்துவிட்டார். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மகளுக்கு முகம் தொங்கிவிட்டது.

"ரெண்டு கால்ல நின்னா என்ன கண்ணு? மேலதான நிக்கறே?"

"கஷ்டத்துக்குன்னு தனி மார்க்கு இருக்குதுங்ப்பா. தோள் உயரத்துல நிறுத்துனா கொஞ்சம். தலைக்கு மேல தூக்குனா அதைவிட சாஸ்தி. அதுலயும் ஒத்தக்கால்னா இன்னும் சாஸ்தி. புடிக்கற ஆளு கொறையக் கொறைய மார்க்கு ஏறும். சுத்தமாச் செய்யறதுக்கு மார்க்கு வேறீங்ப்பா."

அதாவது, அப்பனுக்கு எவ்வளவு வயிறு கலங்குகிறதோ அவ்வளவு மார்க்கு. நடுவர்கள் என் வயிற்றில் ஒரு மீட்டரை மாட்டினால் போதும், அவர்களுக்கு வேலை மிச்சம்.

வழுக்கியதற்குக் காரணம் என் சாப்ட்னர் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்காவிட்டால் மகள் இரண்டு காலில் பத்திரமாக நிற்பாள். ஒரு டீ குடித்து முடிக்கும்வரை திறக்கவில்லை. பின்னால் பிடித்த பெண், "எல்லாம் என்னாலதான்" என்று அழ ஆரம்பித்ததும் தாங்கவில்லை.

"மேடம், புள்ள கையில தப்பில்லீங்க. துணியில சாப்ட்னர் சாஸ்தியாப் போட்டுட்டனுங்க" என்று பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னேன்.

"ஏனுங்ண்ணா, புள்ளைங்க இதைப் போட்டுட்டுத் தூங்கப் போறாங்களா, ஆடப் போறாங்களா?"

சாப்ட்னர் வாசனையே படாத துணியில் இரண்டே நாளில் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன்.

போட்டியன்று மகள் உச்சிக்கு ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து இருக்கைக்காரர், "சார், என் கையை விடுங்க, உங்க பொண்ணு ஒத்தக்கால்ல நிக்குது, பாருங்க" என்றார். பார்த்தேன். ஆடவே இல்லை. மொத்தத்தில் இரண்டாமிடம், கஷ்டத்துக்கான மார்க்கில் எங்கள் பிள்ளைகள்தான் முதல்.

"அடுத்த தடவை ஒரு சுத்துச் சுத்தி ஏறலாம்னு இருக்கறனுங்ப்பா. இன்னும் மார்க்கு ஏறும்."

"சுத்து கண்ணு" என்றேன். சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.