தொட்டியில் குறைந்த தண்ணீர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். தொட்டி விளக்கைப் போட்டதும் முதலில் தெரிந்தது வெறும் கல். அதன் மேல் இருக்கவேண்டிய கடலனிமனி அங்கே இல்லை. கோமாளி மீன்கள் இரண்டும் அந்த வெற்றிடத்துக்கு மேலே ஒரே உயரத்தில் நின்றன.

கடலனிமனி பார்வைக்குப் பூ, உண்மையில் பிராணி. அடியால் கல்லைப் பற்றிக்கொண்டு, விரல் போன்ற கொம்புகளை மேலே விரித்து வைத்திருக்கும். கோமாளி மீன்கள் படுப்பது அந்தக் கொம்புகளுக்கு நடுவில். எங்கள் வீட்டில் இருந்தது பழுப்பு நிறம். முழுதாக விரிந்தால் சோற்றுக் கோப்பை அகலம் வரும். அன்று அது கல்லின் பின்பக்கத்தில், வெளிச்சம் படாத இடுக்கில், தேசிக்காய் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. வாய் திறந்திருந்தது.

மனைவியை எழுப்பினேன். தொட்டி அவளுடையது. அவள் கைவிளக்கை வாங்கிப் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். பிறகு மூடியைத் தூக்கி மணந்து பார்த்தாள்.

"சாகேல்லை," என்றாள். "சாகிற யோசனையிலை கிடக்கு."

முந்தைய வருடம் சித்திரை வெயிலில் ஒரு கடலனிமனி செத்திருந்தது. செத்தால் அது கரைந்து தண்ணீரை நஞ்சாக்கும். அந்தத் தடவை மீன்களும் போயின. இரண்டாவதும் செத்தால் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன், இனி இந்த வேலையே வேண்டாம் என்று அவள் பல பேர் முன்னிலையில் சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற ஆள்.

அந்தத் தொட்டியில் மீன்தொட்டிக் கடையில் வாங்கியவை என்று சொல்லக்கூடியவை மீன்கள் மட்டுமே. கண்ணாடி, ஒரு நகைக்கடை முகப்புக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகள். உயிருள்ள முருகையை, அதாவது பவளப்பாறையை, எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால், உள்ளே இருந்தவை பருத்தித்துறையில் இடித்த ஒரு பழைய வீட்டின் சுவர்க் கற்கள். அந்தப் பக்கத்துப் பழைய சுவர்கள் முருகைக்கல்லால் கட்டியவை. சாந்தைச் சுரண்டி, மாதக்கணக்கில் ஊறவைத்து, அவற்றை மறுபடி கடல் தண்ணீருக்குள் இறக்கியிருந்தாள். விளக்கு, கட்டட வேலைக்காரர் பாவிக்கும் எல்ஈடி. அதன் பக்கத்தில் திருவிழாச் சோடனைக்கு விற்கும் நீல விளக்குச் சரம். அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவியைச் சோடாப் போத்தல் இரண்டையும் பிவிசி குழாய்த் துண்டையும் கொண்டு செய்திருந்தாள். போத்தலில் சேரும் பழுப்புத் தண்ணீரை அவளுடைய அப்பா "தேத்தண்ணி" என்பார். "ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ மருமோன், சீனி காணுமோ எண்டு," என்று ஞாயிறுதோறும் எனக்கு நீட்டுவார்.

வெப்பத்துக்குச் செய்த ஏற்பாடுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம் ஒன்றின் விலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம். அவள் பழுதான கணினி ஒன்றிலிருந்து சிறிய மின்விசிறிகள் இரண்டைக் கழற்றி, தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி தூண்டில் நரம்பால் கட்டிவிட்டாள். மின்வெட்டு நேரத்தில் அவை பழைய பற்றறியில் ஓடும். நனைந்த துணியில் காற்றுப் பட்டால் குளிர்வது போலத் தொட்டி குளிர்ந்தது. ஆனால் தண்ணீரும் ஆவியாகக் குறைந்தது. சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் நாளுக்கு ஒரு விரலளவு போனது.

ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே குறைந்ததை நிரப்ப நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் கொழும்புத்துறைக் கிணறு சவர், உப்புக் கரிக்கும். மாரியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீர் பின்வாசலில் பெரிய பிளாஸ்டிக் பரலில் இருந்தது. அதை ஒரு வாளியில் நிரப்பித் தொட்டிக்கு மேலே தட்டில் வைத்து, கழிப்பறைத் தொட்டிக்குள் இருப்பது போன்ற சிறிய மிதவை ஒன்றைப் பூட்டினாள். தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும், வாளியிலிருந்து தண்ணீர் தானாக வரும். அதன் பிறகு அவள் தொட்டியின் பக்கம் அடிக்கடி போகவேண்டிய தேவை இருக்கவில்லை.

அன்று காலை முதலில் வெப்பமானியைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்விசிறிகள் ஓடின. நுரை வந்தது. கடைசியாக, மேசை லாச்சியிலிருந்து ஒரு பேனைக் குழாயை எடுத்தாள். அடியில் வலை ஈயம் ஒன்றை உருக்கி அடைத்த குழாய். அப்பா வெளிக்கடலில் அள்ளிவந்த தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டிருந்தாள். உப்புக் கூடினால் குழாய் எழும்பி, கோடு தண்ணீருக்கு மேலே வரும்.

குழாயைத் தொட்டியில் விட்டாள். கோடு தண்ணீருக்கு வெளியே, வெகு உயரத்தில் நின்றது.

"வாளிக்கு என்ன தண்ணி விட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"நான் விடேல்லை. நீயெல்லோ விடுறனீ."

"நான் வைச்ச நாளிலை விட்டதுதான். குறையக் குறைய நீங்கள் நிரப்பிறியள் எண்டு நினைச்சன்."

வாளியில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் இருந்தது. அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்து, "உப்பு," என்றாள். தொலைபேசியை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

அவளுடைய அப்பா குருநகரில் நண்டு வலை வைப்பவர். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஒரு பையில் முதல்நாள் பிடித்த நண்டும் ஒரு பிளாஸ்டிக் கானில் கடல் தண்ணீரும் கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். அந்தத் தண்ணீர் அவள் கேட்டுக் கொண்டுவருவது. கிழமைக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து பழைய தண்ணீர் கொஞ்சம் எடுத்துப் புதிதாக விடவேண்டும். அவள் குசினியில் நண்டுக்கறி வைக்கும்போது அவர் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். கடலனிமனியும் அவர் கொடுத்ததுதான். வலையில் கல்லோடு வந்தது.

அன்று திங்கட்கிழமை. நண்டை விற்றுவிட்டு மத்தியானத்துக்கு முன்னரே சைக்கிளில் வந்துவிட்டார். சறத்தில் செதில் ஒட்டியிருந்தது.

"ஓம், நான்தான் ஒவ்வொரு ஞாயிறும் நிரப்பினனான்," என்றார். "கானிலை மிஞ்சினதை என்ன செய்யிறது? வாளி குறைஞ்சு கிடந்தது, விட்டன். நீ மழைத்தண்ணியை விட்டு மீனுக்குத் தடிமன் காய்ச்சல் ஆக்கப்போறாய் எண்டு பாத்தன்."

"ஐயோ அப்பா. கடல் தண்ணி விட்டா உப்பு ஏறுமெல்லோ?"

"கடலிலை கிடந்த சாமானுக்குக் கடல் தண்ணி விட்டா உப்பு ஏறுமோ? நீயும் ஞாயிறு வாளி வாளியா விடுறனீதானே?"

"அது நான் எடுத்துப்போட்டு விடுறது. எடுத்தா கடல் தண்ணி. தானாக் குறைஞ்சா நல்ல தண்ணி."

"எடுத்தாலும் குறையிறதுதானே பிள்ளை?"

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "உப்பளத்துக்கு என்ன தண்ணி விடுறவங்கள்?" என்று கேட்டாள்.

"கடல் தண்ணி."

"பிறகு?"

"வெயிலுக்கு வத்தும். திரும்ப விடுவாங்கள்."

"திரும்பத் திரும்ப விட்டா?"

"உப்பு விளையும்," என்றவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப உதென்ன, உப்பளமோ? மீன்தொட்டி எண்டெல்லோ சொன்னனீ?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவர் எழும்பிப் பின்பக்கம் குனிந்து அதைப் பார்த்தார். "கல்லோடை தா," என்றார். "விடிய எடுத்த இடத்திலையே கொண்டுபோய் விடுறன். இஞ்சை கிடந்தா செத்துப்போம். செத்தா மற்றதுகளையும் கொண்டுதான் போகும்."

"கடலுக்கை போட்டாலும் சாகும். ஒரேயடியா மாத்தக்கூடாது."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"ஆறுதலா இறக்குவன்."

வாளியைக் கழுவி மழைத் தண்ணீர் நிரப்பினாள். காலையும் மாலையும் தொட்டியிலிருந்து ஒரு யக்குத் தண்ணீர் எடுத்து, அதேயளவு மழைத் தண்ணீரைச் சிறிய குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டாள். வேலைக்குப் போகுமுன் மணந்து பார்ப்பாள், வந்ததும் மணந்து பார்ப்பாள். மணம் வந்தால் அந்தக் கணமே தூக்கி எறிய வேண்டும், இல்லாவிட்டால் மீன்கள் தப்பாது என்று என்னிடம் ஒரு பழைய கரண்டியைத் தந்திருந்தாள். பேனைக் குழாய் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. கடலனிமனி வெளியே வரவில்லை. ஒருநாள் சற்று ஊதிக் கிடக்கும். மறுநாள் இன்னும் சுருங்கும். பெரிய கோமாளி மீன் மின்விசிறிக்குக் கீழே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு சிறியதைக் கிட்ட வரவிடாமல் துரத்தியது.

பின்னேரங்களில் அப்பா தொலைபேசி எடுப்பார். அவள் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பாள்.

"செத்திட்டுதோ?"

"இல்லை."

"மணக்குதோ?"

"இல்லை."

"அப்ப இருக்கோ?"

"தெரியேல்லை அப்பா."

அடுத்த ஞாயிறு அவர் கான் இல்லாமல் வந்தார். நண்டு கொண்டுவந்தார். தொட்டிக்கு முன்னால் இருக்கவில்லை. வெளியே மரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டார். அவள் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "கடல் தண்ணி எங்கை?" என்று கேட்டாள். "நீ சொல்லேல்லையே," என்றார். "எடுத்து விடுறதுக்கு வேணும் எண்டு சொன்னனானெல்லோ," என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். அதன் பிறகு கானை வாசலிலேயே வைத்துவிட்டு, "கானைத் தொடேல்லை, நீயே பார்," என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருவார்.

பேனைக் குழாயின் கோடு தண்ணீர் மட்டத்துக்கு வந்து ஒரு கிழமைக்கு மேலாகியும் இடுக்கில் மாற்றமில்லை. ஒரு காலை விளக்கைப் போட்டபோது கல்லின் இடதுபுறம் கடலனிமனி விரிந்திருந்தது. முந்தைய அகலத்தில் பாதி. அவளைக் கூப்பிட்டேன். அவள் வந்து, அதைப் பார்க்காமல் கல்லின் வலதுபுறத்தைக் காட்டினாள். அங்கே இன்னொன்று இருந்தது. ஒன்று நடுவால் இரண்டாகப் பிரிந்திருந்தது. இந்த இனம் நெருக்கடி வந்தால் சிலவேளை இப்படிப் பிரியும் என்று அவள் சொன்னாள். இரண்டின் வாயும் மூடியிருந்தது. மத்தியானத்துக்குள் மீன்கள் பெரியதற்குள் போய்விட்டன.

அந்த ஞாயிறு அப்பா கானை வாசலில் வைத்துவிட்டு வந்து, நீண்ட நேரம் தொட்டியைப் பார்த்தார்.

"மீன் இல்லாததை எனக்குத் தா பிள்ளை," என்றார். "ஐஸ் போட்டு மீன் வைக்கிற றெஜிபோம் பெட்டி கிடக்கு. ஒவ்வொரு நாளும் கடலாலை வரேக்கை முழுத்தண்ணியையும் ஊத்திப்போட்டுப் புதுசு விடுறன். எப்பிடி வளருதெண்டு பார்."

"எடுத்துப்போட்டு விடுறதோ, குறைய விடுறதோ?"

"எடுத்துப்போட்டுத்தான். எனக்கும் இப்ப தெரியும்."

"கறி அடிப்பிடிக்கப்போகுது," என்று அவள் குசினிக்குப் போனாள். சாப்பிட்டு முடிந்ததும் அவர் மறுபடி கேட்டார். போகும்போது படலையில் வைத்தும் கேட்டார்.

அவள் கொடுக்கவில்லை.