ஊசி ஆடாத மார்கழி

எழுபதுகளின் நடுவில், ஆரம்பாக்கத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஓர் ஓட்டு வீட்டில், ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலை ஒரே கதியில் துடிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வயது இருபத்தெட்டு. கல்யாணமாகி இரண்டு வருஷம்.

பகலில் கும்மிடிப்பூண்டியில் மின்சார மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. வீடு வந்தால் பின்னறை. அங்கே மேசைமேல் ஒரு பழைய தேயிலைப் பெட்டி, அதற்குள் மரத்தூள், மரத்தூளுக்குள் பித்தளைக் குழாய், குழாய்க்குள் அந்தக் கிரிஸ்டல். பட்டாளத்து வயர்லெஸ் செட்டில் இருந்ததை மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கினேன். நொடிக்குப் பத்து லட்சம் முறை அதிரும். ஆனால் குளிர்ந்தால் ஒரு கணக்கு, சூடேறினால் வேறு கணக்கு. அதனால் குழாயைச் சுற்றிச் சூட்டுக் கம்பி. இரவும் பகலும் ஒரே வெதுவெதுப்பு. கரண்டு போனால் லாரி பேட்டரி. அணைக்கவே கூடாது. ஒரு முறை ஆறிவிட்டால் பழைய இடத்துக்கு அது திரும்பாது. மறுபடி நிலைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

விடியற்காலையில் சிற்றலையில் தில்லியிலிருந்து 'டிக், டிக்' என்று நேர ஒலி வரும். அதோடு என் கிரிஸ்டலின் அதிர்வைச் சேர்த்தால், ரேடியோவில் ஒலியின் பலத்தைக் காட்டும் ஊசி மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். இரண்டும் நெருங்க நெருங்க, மூச்சு நீளும். இருபது விநாடிக்கு ஒரு மூச்சு என்று ஓர் எல்லை வைத்திருந்தேன். யாரும் கேட்டு வைத்ததல்ல, நானாக வைத்தது.

ஐப்பசியில் எட்டு விநாடி வந்தது. கார்த்திகையில் பன்னிரண்டு. அப்புறம் ஒரு வியாதி பிடித்தது. இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும். மூன்றாம் நாள் விடிகாலையில் ஊசி படபடக்கும். சூட்டுக் கம்பியை மாற்றினேன். மரத்தூளைக் கொட்டித் தேங்காய் நாரை அடைத்தேன். சரக்கு ரயில் போகும் அதிர்ச்சியோ என்று மேசைக் கால்களுக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் என் உடம்புச் சூடே அதைக் கலைக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. மனைவி வாசற்படியில் நின்றால்கூடத் தள்ளிப் போகச் சொன்னேன். அவள் தள்ளிப் போனாள்.

மார்கழியில் ஒரு நாள் பெட்டியின் மூடியைத் துடைக்கப் போனேன். காய்ந்து போன வெள்ளை வட்டம் ஒன்று. விரலால் சுரண்டி மோந்து பார்த்தேன். இட்லி மாவு.

அடுக்களையில் இருந்த அவளைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. குளிரில் மாவு பொங்கவில்லையாம். மாவு அரைக்கும் அன்றைக்கு, நான் தூங்கினபின் குண்டானைக் கொண்டுபோய்ப் பெட்டிமேல் வைத்து, நான் எழுவதற்குள் எடுத்துவிடுவாளாம்.

"பொட்டி சும்மா சூடா கீது. ஒரு குண்டானு வெச்சா இன்னா ஆயிடும்னு வெச்சேன். நீதான் இட்லி கல்லு மாரி கீதுன்னே."

சொன்னது நான்தான். அந்த நேரத்தில் சிரித்திருந்தால் இந்த ஞாபகமே எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். ஆறு வாரம் பாழாய்ப் போனதென்று கத்தினேன். இனி அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாதென்றேன்.

"நான் நின்னா ஆடுதுன்றே, வெச்சா ஆடுதுன்றே. அப்ப இந்த ஊட்ல நான் எங்க இருக்கறது?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது வேப்பம்பட்டுக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பின் ஊசி திருந்தியது. பதினான்கு. பதினாறு. வீட்டில் ஒரு பாத்திரம் உருளவில்லை, ஒரு கதவு சாத்தப்படவில்லை. காலடி என்றால் என்னுடையது மட்டும். பனிக்குள் அந்த 'டிக், டிக்' மட்டும் தில்லியிலிருந்து நடந்து வந்து என் அறையில் நின்றது. பதினெட்டு வந்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தெருமுனையில் டீ குடித்துவிட்டு, சொல்லாமலே திரும்பினேன்.

போய் அழைத்து வரத்தான் வேண்டும். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினேன். நான் இல்லாதபோது கரண்டு போனால் பேட்டரி தாங்குமோ என்ற பயம். தை பிறந்து இரண்டாம் ஞாயிறு, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மெட்ராசில் வண்டி மாறி வேப்பம்பட்டு போனேன். மாமனார், "வா நைனா" என்றார். தண்ணீர் கொடுத்தார். அவள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிராமல் ஒன்றுதான் கேட்டாள்.

"பொட்டிய அணச்சிட்டு வந்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றேன்.

"அப்ப சாயங்கால வண்டிக்கே பூடு. அங்க உனுக்கு வேல கீது."

போனேன். மறுநாள் விடிகாலை ஊசியைப் பார்த்தேன். இருபத்தொன்று. இன்னொரு முறை எண்ணினேன். இருபத்தொன்றுதான். நோட்டில் எழுதினேன். எழுதியபின் அந்த அறையில் செய்ய எதுவும் மிச்சமில்லை. சுவிட்சை அணைத்தேன், பேட்டரியின் கம்பியைப் பிடுங்கினேன், மூடிமேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றேன். சூடு உடனே போய்விடாது. வேலைக்குப் போக நினைவில்லை. கைக்கும் பலகைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனபோது நன்றாக விடிந்திருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி வேப்பம்பட்டுக்கு வண்டி ஏறினேன். வழியெல்லாம் "அணச்சிட்டேன்" என்ற பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.