வேனில் எனக்கு ஒதுக்கிய இடம்

பதினெட்டு வயது நிறைந்து, பரிசோதகர் முன்னால் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்துக் காட்டிவிட்டால் ஒருவனுக்கு நிதானம் வந்துவிட்டதாக அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. பிற்காலத்தில் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். எந்தத் தாளில் எங்கே முத்திரை விழ வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். நிதானத்தைச் சோதிக்கும் விதியை மட்டும் அங்கே நான் பார்த்ததில்லை.

அண்ணன் லைசன்ஸ் எடுத்தபோது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குக் கொட்டகலை கடைவீதியில் பலசரக்குக் கடை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்கு அரிசி, கோதுமை மா மூட்டைகளை வேனில் கொண்டுபோய் இறக்குவது அண்ணனின் வேலை. போகும்போது பாரம் அவனை அடக்கி வைக்கும். திரும்பும்போது வேனும் காலி, அவன் தலையும் காலி. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "ஒங்க மகன் வளைவுலகூட கால எடுக்க மாட்டேங்கிறாப்ல" என்று அப்பாவிடம் சொல்வார்கள். அப்பா அதைப் புகார் என்று எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில், அண்ணன் வயதுப் பையன் ஒருவன் ஓட்டிப்போன கார் லிந்துலைக்கு அந்தப் பக்கம் தேயிலைக்குள் பாய்ந்தது. அம்மா சாவு வீட்டுக்குப் போய்வந்தாள். வந்ததும் அண்ணனிடம் கெஞ்சினாள், அவன் சிரித்தான். அப்பாவிடம் முறையிட்டாள்.

"ஆம்பளப் புள்ளய முந்தானையில முடிஞ்சு வச்சுக்க முடியுமா?" என்றார் அப்பா.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் என்னை வேனில் ஏற்றி அனுப்பத் தொடங்கினாள். ஒரு நாள் எனக்குச் சட்டைத்துணி பார்க்க வேண்டும். இன்னொரு நாள் எனக்குக் காற்றாட வேண்டும். மலைநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் காற்றுக்கு என்ன பஞ்சம் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு என்மேல்தான் பிரியம் அதிகம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். முன் இருக்கையில் மகாராணி மாதிரி உட்கார்ந்து போனேன். நான் இருந்தால் அண்ணன் வளைவுகளில் காலை எடுத்தான். எனக்கென்னவோ அவன் வேகமாகப் போனால்தான் பிடிக்கும்.

அண்ணனுக்கு ஒரு கூட்டாளி, துணிக்கடைக்காரர் மகன். தகப்பனின் காரைக் கேட்காமல் எடுத்துவருகிறவன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணனிடம், "என்ன மாப்ள, இன்னைக்கும் பிரேக்க மடியில வச்சுக்கிட்டு வந்துட்டியா?" என்பான். அண்ணனுக்கு முகம் சிவக்கும். எனக்கு அவன் செல்லப்பெயர் வைத்துவிட்டதாகப் பெருமை.

இரண்டு பேரும் ஒரு போட்டி பேசி வைத்திருந்தார்கள். தலவாக்கலையில் கொழும்பு ரயில் ஊதியதும் கிளம்பி, அது கொட்டகலையைத் தொடுமுன் யார் ஸ்டேஷன் வாசலில் நிற்பது என்று. மூட்டை அறையில் அவர்கள் பேசியது அம்மா காதில் விழுந்திருக்கிறது. போட்டி நாளன்று எனக்கு நல்ல காய்ச்சல். அம்மா எனக்குக் கம்பளியைச் சுற்றினாள்; கொண்டுபோய் வேனில் உட்கார வைத்தாள்.

"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? காய்ச்சக்காரப் புள்ளய எங்க அனுப்புற?" என்று அப்பா கத்தினார்.

"அண்ணனோடதான போறா" என்றாள் அம்மா.

தலவாக்கலையில் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்தபோது கூட்டாளி காரை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். ரயில் ஊதியது. அண்ணன் கியரில் கைவைத்தபடி என்னைப் பார்த்தான். எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. "வேகமா போண்ணே" என்று வேறு சொன்னேன். என் நெற்றியைத் தொட்டவன் கையை இழுத்துக்கொண்டான்.

"வாடா, பொம்பளப் புள்ளைக்குப் பயந்தவனே!"

"நீ போடா. புள்ளைக்குக் காய்ச்சல்."

கார் பறந்தது. ரயிலும் போய்விட்டது. நாங்கள் மாட்டு வண்டி மாதிரி வந்தோம். வழியில் நிறுத்தி, தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கம்பளிக்கு மேல் போர்த்தினான். கூட்டாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரயிலை ஜெயித்துவிட்டு, ஸ்டேஷன் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா கடைவாசலில் தூறலில் நின்றிருந்தாள். அண்ணனை ஏறிட்டுப் பார்க்காமல் என்னைத் தூக்கிக்கொண்டாள்.

"இனிமே இவள அனுப்பாதீங்கம்மா," என்றான் அண்ணன். "நான் மெதுவாவே வாறேன். சத்தியமா."

எனக்கு ஆத்திரம் வந்தது. போட்டியில் தோற்றதற்கு என் இடத்தைப் பறிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அம்மா அடுப்பங்கரையில் என்னை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். காய்ச்சலுக்குத்தான் அழுகிறாள் என்று எண்ணி, நான் தேற்றினேன்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. அண்ணன் பேச்சக் கேக்காதீங்க. நாளைக்கும் என்னையே அனுப்புங்க."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அவ்வளவு நல்ல பிள்ளையாகப் பேசியதற்கு ஏன் வாயைப் பொத்துகிறாள், ஏன் இன்னும் பெரிதாக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.