சிலுவையின் வால்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நான் புர்கா, மரமறுக்கும் ஆலையில் பலகை அடுக்குகிறவள். கதை கட்டிப் பிழைக்கிறவள் இல்லை.

நவம்பர் மாதம். காட்டில் வெட்டிய மரம் திசை மாறி என் புருஷன் வெண்டலீன் மேல் சாய்ந்துவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடந்தான். மறுநாள் காலையில் ஆபரேஷன். பிழைப்பானா என்று கேட்டேன். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

எங்கள் ஊர் மரியடோர்னில் இப்படிப்பட்ட நேரத்தில் செய்வது ஒன்றுதான். மாதா கோயில் சுவரில் சாத்தி வைத்திருக்கும் மரச்சிலுவை ஒன்றைத் தோளில் போட்டு, செபமாலை சொல்லியபடி கோயிலை மூன்று சுற்று வருவோம். சிலுவையின் வால் தரையில் இழுபடும். திரும்பிப் பார்க்கக் கூடாது. செபத்தின் முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியைக் கூட வருகிறவர்கள் சொல்வார்கள். தனியாகப் போனால் இரண்டையும் நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. மூடுபனி. கோயில்பிள்ளை குவிரீன் மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்தார்.

"கூட யாரும் வரலியா, புர்கா?"

"எல்லாரும் சூப்புக் கிண்ணத்துல தலைய விட்டுக்கிட்டு இருக்காங்க."

"சின்னதா ஒண்ணு எடுத்துக்கோ. அந்தப் பெருசு ஆம்பளைங்களையே மண்டி போட வச்சிருக்கு."

"பொழுதன்னைக்கும் பலகை தூக்குறவகிட்டப் பேசுற பேச்சா இது? போய் பீர் குடிங்க."

"உன் புருஷன் எந்திரிச்சு வரட்டும். அவன் பங்கையும் சேர்த்துக் குடிக்கிறேன்."

போய்விட்டார். நான் பெரியதையே எடுத்தேன்.

முதல் சுற்று. "அருள் நிறைந்த மரியே வாழ்க..." சரளைக்கல்லில் வால் உரசியது. கரக்... கரக்... பின்பாதியையும் நானே சொன்னேன்.

இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கியது. ஒரு முன்பாதியின் கடைசிச் சொல்லுக்கு வந்தேன்.

"தூய மரியே, இறைவனின் தாயே..."

என் இடது காதோரம். ஆண் குரல்.

குவிரீன்தான் மனசு கேட்காமல் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்ததைச் சொன்னேன். குரல் பதில் சொன்னது. இன்னொன்று. அதற்கும் பதில்.

அப்புறம்தான் உறைத்தது. நான் முடிப்பதற்குள், என் கடைசிச் சொல்லை மிதித்துக்கொண்டு அந்தக் குரல் தொடங்கியது. ஊரில் அப்படிச் செபம் சொல்கிறவன் ஒருவன்தான். அதற்காகவே கோயிலில் அவன் விலாவில் எத்தனையோ முறை இடித்திருக்கிறேன்.

வெண்டலீன்.

செத்துவிட்டான் என்றே நினைத்தேன். நின்றால் நேர்ச்சை வீண். நடந்தேன்.

மூன்றாவது சுற்று.

சத்தம் இல்லை.

கரக்... நின்றுபோயிருந்தது. தோளில் பாரம் பாதியாகிவிட்டது. பின்னால் யாரோ வாலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

திரும்பவில்லை.

சிலுவை சாத்தும் இடம் வந்துவிட்டது. செபமாலை முடிவில் எங்கள் ஊரில் கூடுதலாக ஒரு செபம் உண்டு. நம்மில் அடுத்துச் சாகப்போகிறவருக்காக. அன்று அதை மட்டும் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்தேன்.

பின்னாலிருந்து வந்தது. மெதுவாக...

"நம்மில் அடுத்துச் சாகப்போகிறவருக்காக... அருள் நிறைந்த மரியே வாழ்க..."

பழகிய வாய். தானாகத் திறந்தது.

"தூய மரியே..."

முழுவதும் சொன்னேன். 'இறப்பின் வேளையிலும்' என்பது வரை. ஆமென் வரை.

பாரம் திடுமென்று தோளில் இறங்கியது.

சிலுவையைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

யாருமில்லை.

பீர் விடுதிக்கு ஓடினேன். குவிரீன் பீரோடு உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து எழுந்திருக்கவே இல்லையாம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். சற்று முன்தான் வெண்டலீனின் இதயம் நின்றுபோய், மறுபடி துடிக்கத் தொடங்கியதாக நர்ஸ் சொன்னாள். உயிரோடு இருந்தான். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

குழாயை எடுத்த அன்று அவன் படுக்கையில் உட்கார்ந்தேன்.

"நேரா மேல போகாம, எனக்காக வாலைத் தூக்க வந்தியாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை.

"நான் தூக்கல, புர்கா. நான் உன் பக்கத்துல வந்தேன்."

"அப்ப அந்தக் கடைசி செபம்?"

"வாலைப் பிடிச்சிருந்தவரு சொன்னாரு. அதுக்கு நான் வாயையே திறக்கல." என் கையைப் பிடித்தான். "அடுத்து யாருன்னுதான் அவரு கேட்டாரு. நீ ஏன் பதில் சொன்ன?"

இப்போது கோயிலில் அந்தச் செபம் வரும்போதெல்லாம் வெண்டலீன் என் வாயைப் பொத்துகிறான். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள்.

நேற்று ஆலையில் ஒரு நீளப் பலகையைத் தோளில் போட்டு இழுத்துப் போனேன். தனியாகத்தான்.

பின்முனை தரையில் உரசவில்லை.