இறங்கிய முள்

தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த பாய், சாயத்தொட்டியின் சூட்டைக் காட்ட ஒரு மீட்டர் செய்து தரச் சொன்னார். சின்ன டயோடு ஒன்றைக் குழாயில் அடைத்துத் தொட்டிக்குள் இறக்கினேன். சூடு ஏற ஏற டயோடில் மின்னழுத்தம் குறையும். மீட்டரின் முள்ளும் இறங்கும். அதனால் டிகிரி எண்களைத் தலைகீழாக எழுதி ஒட்டி, தொட்டியைக் கவனிப்பவரிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டும் வந்தேன்.

மறுநாள் போனால், தோலெல்லாம் வெந்து சுருண்டு கிடந்தது.

“முள்ளு எறங்கிட்டே போச்சு சார். சூடு பத்தலன்னு வெறகை அள்ளிப் போட்டேன்” என்றார் தொட்டியைக் கவனிப்பவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணைப் பார்க்கக் கண் இல்லையா? டயோடின் குணமே அதுதான் என்று பாயிடம் கத்தினேன்.

பாய் சுருண்ட தோல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

“ஒலகத்துல எல்லா முள்ளும் சூட்டுக்கு ஏறுது. உம்ம முள்ளுக்கு மட்டும் என்னவே கேடு?”