வெல்டு வைத்த பெட்டிக்குள் என் பைக்

போன வியாழக்கிழமை என் பைக் கப்பலேறிவிட்டது. நான் இன்னும் சின்னமனூரில்தான் இருக்கிறேன்.

இங்கே ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாக அதே மைதானம், அதே எட்டு. (எட்டுப் போட்ட தூரத்தை நீட்டி வைத்தால் பூமியையே ஒரு சுற்று வந்திருப்பேன்.)

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் பைக்கை எடுத்துக்கொண்டு மார்க்கையன்கோட்டைப் பக்கம் போவேன்.

இரண்டு பக்கமும் வயல். எதிரே மலை. ஹெல்மெட்டுக்குள் காற்று இரைய ஆரம்பித்தால், அந்த மலைக்கு அப்பால் இருப்பது கேரளா என்பதே மறந்துபோகும். அங்கே ஒட்டகச்சிவிங்கிகள் மேய்ந்துகொண்டிருக்கும் என்று தோன்றும்.

தோன்றித் தோன்றியே ஒருநாள் முடிவாகிவிட்டது. பைக்கைக் கொச்சியிலிருந்து மொம்பாசாவுக்குக் கப்பலில் அனுப்பி, பின்னாலேயே நான் விமானத்தில் போய், அங்கிருந்து தனியாக நமீபியாவின் பாலைவனம் வரை ஓட்டுவது. மூன்று மாதப் பயணம். விசா வந்தது. வேலையில் லீவு கிடைத்தது. வண்டிக்குப் பாஸ்போர்ட் மாதிரி கார்னெட் என்று ஒரு புத்தகம் உண்டு, அதுவும் வந்துவிட்டது.

என் கணவர் முருகேசன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை.

அவருக்கு வெல்டிங் பட்டறை. மரப்பெட்டியில் அனுப்பினால் பூச்சி இல்லை என்று முத்திரை வாங்க வேண்டும் என்று கொச்சி ஏஜென்ட் சாஜன் போனில் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவர், "இரும்புல நானே செஞ்சு தாரேன்" என்றார். இந்தப் பயணத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

சாஜன் ஸ்பீக்கரிலேயே சொன்னார்: "சேட்டா, ஒரு பக்கம் வெல்டு வேண்டா, போல்ட் போட்டா போதும். சேஸி நம்பர் பார்க்கும்போ திறக்கணும்."

அனுப்புவதற்கு முன் வண்டியில் பொட்டு மண்கூட இருக்கக் கூடாதாம். விதை, புல், சகதி எதுவும் கூடாது. டூத்பிரஷ்ஷை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். மட்கார்டுக்குள்ளிருந்து கரம்பை மண் உதிர்ந்தது. செயினுக்குப் பின்னால் ஒரு வைக்கோல் துணுக்கு. எந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே ஒட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்தது. கழுவிய தண்ணீர் தென்னைக்குப் போனது. பெட்ரோலை வடித்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, காற்றைக் கொஞ்சம் இறக்கியபோது, வண்டி தூங்கப் போவது போல இருந்தது.

அன்று மதியம் பட்டறைக்கு அனுப்பினேன். மறுநாள் பெட்டியாகத்தான் பார்த்தேன். சுற்றிலும் தகடு அடித்து, அழகாக இருந்தது.

வியாழன் விடியலில் பிக்கப்பில் ஏற்றிக் கிளம்பினோம். குமுளியில் மூடுபனி. அதற்குள் போகும்போது சாலையும் இல்லை, மலையும் இல்லை. நாங்கள் ஏற்கெனவே கடலில்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொச்சி யார்டில் சுங்க அதிகாரி மேடம் பெட்டியை ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்று வந்தார்.

"இது எங்க திறக்கும்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். நாலு பக்கமும் வெல்டு. ஒரு போல்ட்கூட இல்லை.

"நம்பர் பார்க்காம சீல் வைக்க முடியாது. நாலு மணிக்கு கன்டெய்னர் அடைக்கும்" என்றார் மேடம். மணி ஒன்று. அடுத்த கப்பலுக்கு ஒரு மாதம் ஆகும். அதற்குள் என் லீவும் போகும், விசாவும் போகும்.

வெட்டித் திறக்கலாம் என்றால் யார்டுக்குள் தீப்பொறி கூடாது. சாஜன் பக்கத்துத் தெருவில் ஒரு லேத் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பெட்டியை இறக்கியதும் நான் என் கணவரைக் கேட்டேன்.

"போல்ட்டுன்னு சாஜன் போன்லயே சொன்னாகல்ல?"

"சொன்னாக."

"காதுல விழுகலையா?"

"விழுந்துச்சு." கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "வண்டி போச்சுனா பின்னாடியே நீயும் போயிருவ. நிறுத்தணும்னு நெனைக்கல மல்லிகா. கை அதுபாட்டுக்கு வெல்டு வச்சிருச்சு."

கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் இத்தனை மாதம் பேசாததை அவர் இப்படித்தான் பேசியிருக்கிறார்.

"வெட்ட வேணாம்னா சொல்லுங்க" என்றேன். "அப்படியே ஏத்திக்கிட்டு ஊருக்குப் போயிருவோம். நெசமாத்தேன் சொல்றேன்."

உண்மையாகவே சொன்னேன். அவர் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பேன்.

அவர் பெட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சாஜனிடம், "ரெண்டு சாக்கு நனைச்சுத் தாங்க. டேங்க் மேல போடணும்" என்றார்.

ஒரு விளிம்பு முழுக்க வெட்டினார். டேங்க்குப் பக்கமாகத் தகட்டைக் கொஞ்சம் விலக்கி, சாக்கை உள்ளே திணித்துவிட்டுத்தான் மிச்சத்தை வெட்டினார். தகடு சாய்ந்ததும் வெயில் உள்ளே விழுந்தது. என் பைக் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. துளை போட்டு, பன்னிரண்டு போல்ட் பொருத்தினார். ஒவ்வொன்றையும் நான் கையால் முடுக்கினேன், அவர் ஸ்பானரால் இறுக்கினார்.

மேடம் நம்பரைப் படித்து, கார்னெட்டில் சீல் வைத்தபோது மணி மூன்றே முக்கால்.

இப்போது போனில் கப்பல் போகும் இடத்தைக் காட்டும் ஒரு ஆப் இருக்கிறது. அரபிக்கடலில் ஒரு சின்னப் புள்ளி. காலையில் டீ குடித்துக்கொண்டே இவர்தான் அதை முதலில் பார்க்கிறார். விரலால் பெரிதாக்கி, கப்பலில் என் வண்டி தெரிகிறதா என்று தேடுவது போலப் பார்க்கிறார்.

இன்று காலையில் கேட்டார்: "அங்கன போயி வண்டி ஸ்டாண்டு ஒடஞ்சுச்சுனா என்ன செய்வ?"

"வெல்டிங் பட்டறை தேடுவேன்."

"வெல்டிங் பட்டறைக்கு அந்த ஊர்ப் பாஷையில என்னன்னு சொல்லுவாக?"

எனக்குத் தெரியவில்லை.

"கேட்டு எழுதி வச்சுக்க" என்றார்.

நண்பர்களே, உங்களில் யாருக்காவது சுவாஹிலி தெரியுமா?